கந்தலும் கம்பளியும்

வரலாற்றை ஆவணங்களில் தேடுவது நம் வழக்கம். தேசாதிபதிகளின் அறிக்கைகளிலும் கம்பெனிகளின் கணக்கேடுகளிலுமே அது உறைகின்றது என்று பள்ளியில் கற்பிக்கின்றோம். எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களின் வரலாற்றுக்கு இவை மட்டும் போதா. பதுளைப் பகுதித் தோட்டப் பெண்கள் உடுத்ததும் போர்த்ததுமான துணியும் ஓர் ஆவணமே.

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. பசறையிலும் நமுனுகுலையிலும் அப்புத்தளையிலும் மலைச்சரிவுகள் தோட்டங்களாயின. தமிழகத்தின் வெப்பச் சமவெளியிலிருந்து பருத்திச் சேலையோடு வந்தவர்களைக் குளிரும் மழையும் எதிர்கொண்டன. தோட்டம் கம்பளி வழங்கியது. அது தருமம் அன்று. அதன் விலை சம்பளத்திற் பிடிக்கப்பட்டது. குளிருக்குப் போர்த்தியவன் கடனையும் சேர்த்தே போர்த்தினான்.

அக்கடனுக்கு ஒரு சீட்டு உண்டு. அதன் பெயர் துண்டு. கங்காணியின் கடனை அடைத்தால் அவனுடைய ஆட்களை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுத்த சீட்டு அது. மனிதர்களைத் தோட்டம் விட்டுத் தோட்டம் விலைபேச அது வழிசெய்தது. 1921ஆம் ஆண்டுச் சட்டமே அம்முறையை ஒழித்தது.

துரையின் துண்டு மனிதரைக் கட்டியது. பெண்கள் சேர்த்த துண்டு மனிதரைக் காத்தது. லயத்துக் காம்பராவில் ஒரு குடும்பத்துக்கு ஒரு கம்பளி எம்மூலைக்குப் போதும்? நைந்த சேலைகளை மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓட்டைகளுக்கு ஒட்டுத்துணி வைத்து, நெடுந்தையலாக ஓட்டினால் அது படுக்கையும் ஆகும், போர்வையும் ஆகும். ஒரு வீட்டில் கிழிந்த சேலை அடுத்த வீட்டுப் பிள்ளைக்குத் தூளியாகும். சுவர் ஒன்றே இரு வீட்டுக்கும் பொதுவான இடத்தில் ஊசியும் நூலும் பொதுவாவதில் வியப்பென்ன?

இதனைக் கைவினை என்று போற்றி அமைந்துவிடுவது எளிது. ஆனால் அந்த ஒட்டுக்களைப் பிறப்பித்தது அழகுணர்ச்சி மட்டுமன்று, வறுமையுமே. 1927இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழும் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதனிற் குறைந்த கூலி. சமகூலி வந்தது 1984இல். கொழுந்து பறித்த கைகள் இரவில் தைத்த தையலுக்கோ எவ்வேட்டிலும் கூலி இல்லை.

ஆயினும் பகிர்ந்து வாழப் பழகிய மக்களுக்குச் சேர்ந்து நிற்கவும் தெரியும். 1940இல் பதுளையை அடுத்த வேவெஸ்ஸத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, தாமே தேர்ந்தெடுத்த குழுவை நிருவாகம் கலந்தாலோசிக்கவேண்டும் என்று ஒப்புக்கொள்ளச் செய்தனர். அடக்குமுறை பின்னர் வந்தது உண்மை. ஆனால் அவ்வெற்றியும் உண்மை.

1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது, வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. துணியைச் சேர்த்துத் தைத்தவர்களின் குடும்பங்களையே அரசுகள் கிழித்தன.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலும் இதனை ஒத்த கதை உண்டு. வாக்காளராகப் பதிவு செய்தமைக்காகக் கறுப்பினக் குத்தகை உழவர் பலர் குடியிருந்த வீடுகளிலிருந்து துரத்தப்பட்டனர். அங்குள்ள பெண்கள் 1966இல் ஒரு கூட்டுறவை நிறுவி, தாம் தைத்த ஒட்டுப் போர்வைகளை விற்றனர், நிலம் வாங்கினர், துரத்தப்பட்டோர் வீடு கட்ட அதில் இடம் தந்தனர். ஊசி அங்கே உரிமையின் கருவியாயிற்று.

இலங்கையில் நாடற்றோர் அவலத்தைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. உரிமை ஏட்டில் ஏறிவிட்டது. வரலாறு இன்னும் ஏறவில்லை. ஆசிரியர்களும் மாணவர்களும் லயங்களுக்குச் செல்லட்டும். பாட்டிமார் மடித்து வைத்திருக்கும் பழந்துணியை விரித்து, எது எவர் சேலை என்று கேட்டு எழுதட்டும். துரைமார் எழுதாத அத்தியாயத்தை உழைத்தவர்கள் சொல்லக் கேட்டு எழுதுவதும் ஒரு போராட்டமே.