ஹாரன் சத்தம் இல்லாத சாலைகள்... சைக்கிளில் சுற்றிவர மூணு சூப்பர் ரூட்!

ஆசையா வாங்கின கியர் சைக்கிள் இப்போ எங்கே இருக்கு? பால்கனியில துணி காயப்போடும் ஸ்டாண்டா மாறியிருந்தா, அதுக்கு நீங்க மட்டும் காரணம் இல்லை. பின்னாடி வர்ற லாரி எப்போ உரசுமோங்கிற பயத்தோட எத்தனை நாளைக்குத்தான் பெடல் மிதிக்கிறது? சைக்கிளைக் கைவிடுறவங்கள்ல பலர் கால் வலியால கைவிடுறதில்லை; டிராஃபிக் பயத்தாலதான் கைவிடுறாங்க.

ஆனா, நெடுஞ்சாலையிலிருந்து பத்து நிமிடம் உள்ளே திரும்பினால், தமிழ்நாட்டில் வேறொரு சாலை உலகம் இருக்கிறது. இரண்டு பக்கமும் புளியமரம், ஏறி இறங்கும் மேடு பள்ளம், எப்போதாவது ஒரு டவுன் பஸ். அந்தச் சாலைகளைக் கண்டுபிடிப்பது எப்படி, எங்கே போகலாம், என்ன கவனம் தேவை? எல்லாமே இங்கே...

மைல்கல் நிறத்தைப் பாருங்க!

மைல்கல்லின் தலையில் இருக்கும் நிறம்தான் முதல் வழிகாட்டி. மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. கறுப்பு அல்லது நீலம் என்றால் மாவட்டச் சாலை. ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. சைக்கிளுக்கு ஏற்றவை கடைசி இரண்டும்தான். மஞ்சளைப் பார்த்தால் குறுக்கே கடப்பதோடு நிறுத்திக்கோங்க.

அடுத்தது மேப். வழி தேடும்போது ‘நெடுஞ்சாலைகளைத் தவிர்' என்ற ஆப்ஷனை ஆன் செய்யுங்கள். பிறகு சாட்டிலைட் வியூவுக்கு மாறி, வழியைப் பெரிதாக்கிப் பாருங்கள. ஊருக்கு வெளியே வெள்ளை, சாம்பல் நிறத்தில் பெரிய பள்ளங்கள் தெரிந்தால் அது கல் குவாரியாக இருக்கலாம். அந்த வழியில் டிப்பர் லாரிகள் பறக்கும். ஆரஞ்சு மைல்கல்லாக இருந்தாலும் அந்த ரூட் வேண்டாம்.

1. புதுக்கோட்டை - சித்தன்னவாசல் - குடுமியான்மலை (சுமார் 50 கி.மீ)

சைக்கிளுக்கும் புதுக்கோட்டைக்கும் பழைய பந்தம் உண்டு. 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தின் எழுத்தறிவுப் பணியோடு பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் கேலிகளைத் தாண்டி ஓட்டிப் பழகினார்கள். தண்ணீர் எடுக்கவும் வேலைக்குப் போகவும், யாரையும் எதிர்பார்க்காமல் கிளம்ப அந்த சைக்கிள் உதவியது. நீங்கள் ஜாலிக்காகப் போகப்போவது அப்படிப்பட்ட மண்ணில்தான்.

புதுக்கோட்டையில் இருந்து அன்னவாசல் சாலையில் சுமார் 16 கி.மீ போனால் சித்தன்னவாசல். சமணக் குடைவரையில் இருக்கும் தாமரைக்குள ஓவியத்தைப் பார்க்காமல் வராதீங்க. மேலே ஏழடிப்பட்டத்தில் சமணத் துறவிகளின் கற்படுக்கைகளும் தமிழ் பிராமி எழுத்துகளும் உள்ளன. அங்கிருந்து அன்னவாசல் வழியாகக் குடுமியான்மலை. பாறையில் இசைக்குறிப்புகளை வெட்டிவைத்த பழைமையான கல்வெட்டு இங்கேதான் இருக்கிறது. அப்படியே புதுக்கோட்டைக்குத் திரும்பிவிடலாம்.

பெரிய ஏற்றம் கிடையாது. மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் செம்மண் பூமி. முதல் லாங் ரைடுக்கு பெஸ்ட் சாய்ஸ். வில்லன் ரெண்டே பேர்: வெயிலும் சீமைக்கருவேல முள்ளும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை போகலாம். ஏப்ரல், மே பக்கம் தலைவைக்காதீங்க.

2. செங்கோட்டை - பண்பொழி - மேக்கரை (போக வர சுமார் 30 கி.மீ)

சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால், ரயில் கடைசியாக நிற்கும் ஊரே செங்கோட்டைதான். அங்கிருந்து பண்பொழி போகும் வழியெல்லாம் வயல், தென்னந்தோப்பு, எதிரே மேற்குத் தொடர்ச்சி மலை. பண்பொழி திருமலைக்கோயில் முருகனைப் பார்க்க விரும்பினால், சைக்கிளை அடிவாரத்தில் விட்டுவிட்டுப் படியேறுங்கள். அதற்கடுத்து வடகரை, மேக்கரை, மலையை ஒட்டி அடவிநயினார் அணை. குறைந்த தூரத்தில் நிறைய பச்சை பார்க்க நினைப்பவர்களுக்கு இந்த ரூட்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் சீஸன். அப்போது மேற்கிலிருந்து காற்று பலமாக வீசும். அதனால் முதலில் மலையை நோக்கிப் போவதுதான் புத்திசாலித்தனம். தெம்பு இருக்கும்போதே எதிர்காற்றில் மிதித்துவிட்டால், திரும்பும்போது காற்றே உங்களைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும்.

ரெண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருங்க. கொல்லம் செல்லும் நெடுஞ்சாலைப் பக்கம் போக வேண்டாம். கேரளாவுக்குப் போகும் கனரக லாரிகள் அதிகம். அச்சன்கோவில் சாலை காட்டுக்குள் போகிறது. யானைகள் நடமாடும் இடத்தில் சைக்கிள் சாகசம் வேண்டவே வேண்டாம்.

3. ஆலங்காயம் - காவலூர் - ஜமுனாமரத்தூர் (ஒரு பக்கம் சுமார் 30 கி.மீ)

இது கொஞ்சம் பழகியவர்களுக்கான ஜவ்வாது மலை ரூட். வாணியம்பாடி வரை ரயிலில் வந்து, ஆலங்காயத்தில் ஆரம்பிக்கலாம். மலையேறியதும் வருவது காவலூர் வைணு பாப்பு வானியல் ஆய்வகம். 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி இங்கே இருக்கிறது. வானம் இருட்டாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் ஆய்வகத்துக்கு இப்படியொரு ஒதுக்குப்புறமான இடம். நட்சத்திரம் பார்க்க ஏற்ற அமைதி, சைக்கிளுக்கும் ஏற்றதுதானே!

காவலூரைத் தாண்டினால் சாமை வயல்களும் பலா மரங்களும் கூடவே வரும். ஜமுனாமரத்தூரில் மலைத்தேன், சாமை அரிசி வாங்கலாம். இறங்கும்போது பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வராதீர்கள், ரிம் சூடேறிவிடும். விட்டு விட்டுப் பிடியுங்கள். இருட்டுவதற்குள் மலையைவிட்டு இறங்கிவிடும்படி திட்டமிடுங்கள்.

கிளம்பும் முன் இதையெல்லாம் செக் பண்ணுங்க...

* பஞ்சர்: கிராமத்துக் கடையில் பிரெஸ்டா வால்வுக்கு காற்றடிக்க வசதி இருக்காது. உங்கள் சைக்கிள் டியூப், பம்ப், டயர் கழற்றும் லீவர் மூன்றையும் நீங்களே எடுத்துச் செல்லுங்கள்.

* லைட்: பகலிலும் பின்னால் சிவப்பு லைட் எரியட்டும். மரநிழலில் உங்களைக் காட்டிக்கொடுப்பது அதுதான்.

* தானியம்: அறுவடைக் காலத்தில் நெல், கேழ்வரகு, கொள்ளு எல்லாம் ரோட்டிலேயே காயும். அதன்மேல் வேகமாகப் போனால் சறுக்கும். ஒருவரின் உழைப்பும் வீணாகும். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்க.

* நாய்: துரத்தினால் வேகமெடுக்காதீர்கள். இறங்கி, உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் சைக்கிளை வைத்து மெதுவாக நடங்கள். கடித்துவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, நேராக அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். சின்ன கீறல்தானே என்று விடாதீங்க.

* தகவல்: அமைதியான சாலையின் மறுபக்கம், விழுந்தால் பார்க்க ஆளிருக்காது. டவரும் இருக்காது. ரூட்டையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். மேப்பை ஆஃப்லைனில் டவுன்லோடு செய்யுங்கள். 108 மறக்க வேண்டாம். முதல் முறை தனியாகப் போகாமல் ஒரு துணையோடு போங்க.

* ஹெட்போன்: ரெண்டு காதிலும் வேண்டாம். எப்போதாவது வரும் அந்த ஒரு பஸ்ஸின் சத்தம் உங்களுக்குக் கேட்க வேண்டும்.

இன்னொன்று, அந்தச் சாலை நமக்கு வீக் எண்ட் ஸ்பாட். அங்கே இருப்பவர்களுக்கு அது வீட்டு வாசல். வயலில் வேலை செய்யும் பெண்களை கேட்காமல் போட்டோ எடுக்காதீங்க. நாலு பேர் வரிசை கட்டி ரோட்டை அடைக்காதீங்க. டீக்கடையில் உட்கார்ந்து, "அண்ணே, இந்த ரோடு எங்கே போகுது?" என்று கேட்டுப் பாருங்கள். மேப்பில் இல்லாத குறுக்கு வழியும், எந்த ரோட்டில் டிப்பர் ஓடுகிறது என்ற லேட்டஸ்ட் தகவலும் அங்கேதான் கிடைக்கும்.

வர்ற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, உங்க ஊரைச் சுற்றியே ஒரு ஆரஞ்சு மைல்கல்லைத் தேடிப் போய்ப் பாருங்க. முதல் நாளுக்கு 15 கி.மீ போதும்!