வெறுமையான கொட்டில்

வணிகன் நொடித்துப்போனால் கணக்கேடு காட்டும். தோட்டத் தொழிலாளி நொடித்துப்போனால் மாட்டுக் கொட்டில் காட்டும். கெடா மாநிலத்துக் கூலிம் வட்டாரத்தில், கரங்கான் முதலிய ஊர்களைச் சூழ்ந்த இரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழருள் பெரும்பாலோர்க்குச் சொந்த நிலம் இல்லை. குடியிருந்த லயமும் தோட்டத்துக்கே உரியது. பால்மரம் வெட்டிய கூலி கடைக்கடனுக்கே போதாதபோது கைகொடுத்தது பசு. பால் விற்ற காசு வட்டியை அடைத்தது. கன்று விற்ற பணம் திருமணச் செலவுக்கு உதவிற்று. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கும் அவ்வுயிர், முதியோர்க்குச் சேமிப்பாகவும் துணையாகவும் விளங்கிற்று.

1950களில் வெள்ளையர் நிறுவனங்கள் சில தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியோர் அவற்றைத் துண்டாடிச் சிறு பகுதிகளாக விற்றனர். பலர்க்கு வேலை போயிற்று. வேலையோடு வீடும் போயிற்று. மேய்ச்சலுக்கு இடமற்றவன் மாட்டை எங்கே ஓட்டிச் செல்வான்? வந்த விலைக்குக் கொடுத்தான். இளையோர் வேற்றிடம் தேடிச் சென்றனர். முதியோர்க்கு எஞ்சியவை கடனும் வெறுங்கட்டுத்தறியுமே.

இத்துயரைத் தடுக்கவே 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணம் பெருகிற்று. 1961இல் இதே கூலிம் வட்டாரத்துப் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பெற்றது. அதுவே சங்கத்தின் முதல் தோட்டம். தனியொருவன் கையில் கடனுக்கும் போதாத பத்து வெள்ளி, பலர் கை கூடியபோது நிலமாயிற்று.