பூதம் வளர்த்த வரலாறு

மனிதன் தான் அஞ்சுவதையே வளர்த்துப் பார்க்கவும் விரும்புகிறான். பாம்பைக் கூடையிலும் புலிக்குட்டியைச் சங்கிலியிலும் வைத்துப் பழகிய அவன், கண்ணாற் காணாத பூதத்தையும் வளர்க்க எண்ணியதில் வியப்பொன்றுமில்லை. அவ்வெண்ணம் உலகில் இரண்டு வழிகளிற் சென்றது. பூதம் உண்டென மெய்யாகவே நம்பிய வழி ஒன்று. இல்லையென நன்கறிந்தும் உள்ளதாகப் பாவித்து ஆடிய வழி மற்றொன்று. முன்னது பல ஏழைகளைத் தூக்குமரத்திற்கு அனுப்பியது. பின்னது மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டுவதோடு அமைந்தது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால் நமக்கு ஓர் உண்மை புலப்படும்.

பூனை வளர்த்த குற்றம்

இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் பகுதியைச் சேர்ந்த ஹாட்பீல்டு பெவரல் என்னும் சிற்றூரில் ஆக்னஸ் வாட்டர்ஹவுஸ் என்ற ஏழைக் கைம்பெண் ஒருவர் வாழ்ந்தார். 1566ஆம் ஆண்டில் அவர் சூனியக்காரியென்று குற்றஞ்சாட்டப்பெற்றுச் செம்ஸ்போர்டு நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். அவர் வளர்த்ததாகச் சொல்லப்பட்டது சாத்தான் என்னும் பெயருடைய ஒரு பூனை. ஏவிய வேலையை அது முடிக்குந்தோறும் அவர் தம் உடலினின்று ஒரு துளி இரத்தம் கூலியாகக் கொடுத்தாராம். பானையில் ஆட்டுமயிர் பரப்பி அதன்மேல் பூனையை வைத்திருந்ததாகவும், பின்னர் வறுமையினால் அவ்வாட்டுமயிர் தமக்கே வேண்டியிருந்தமையால் பூனையைத் தேரையாக மாற்றிக்கொண்டதாகவும் அவர் வாக்குமூலம் கூறுகிறது. பூதத்தை ஏவல்கொள்ளும் ஒருவருக்கு ஒரு பிடி ஆட்டுமயிருக்கு வழியில்லாமற் போனது எங்ஙனம் என்ற கேள்வி அவரைக் காப்பாற்றவில்லை. அவ்வாண்டு ஜூலை மாதத்தில் அவரைத் தூக்கிலிட்டனர்.

இவ்வாறு மனிதரை அண்டி அவர் ஏவலைச் செய்வதாக நம்பப்பட்ட ஆவியை ஆங்கிலேயர் 'பெமிலியர்' என்று வழங்கினர். முதலாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில், 1604இல் இயற்றிய சட்டமானது, கெட்ட ஆவியோடு உடன்படிக்கை செய்வதை மட்டுமன்றி, அதற்கு உணவளிப்பதையும் வெகுமதி கொடுப்பதையும் மரண தண்டனைக்குரிய குற்றங்களாக்கியது. 1645ஆம் ஆண்டு முதற்கொண்டு மாத்யூ ஹாப்கின்ஸ் என்பவர் ஊர் ஊராய்ச் சென்று சூனியக்காரிகளைக் கண்டுபிடித்தார். சந்தேகத்திற்குரியவரை இரவெல்லாம் உறங்கவிடாது உட்காரவைத்து, அவர் வளர்க்கும் ஆவி தேடி வருகிறதா என்று காவலிருந்து பார்ப்பது அக்கூட்டத்தாரின் முறைகளுள் ஒன்று. நாட்டுப்புறத்து வீட்டில் இரவில் எலியோ பூச்சியோ நுழையாமலிருக்குமா? துணையற்ற கிழவியின் பூனைக்கு ஒரு கிண்ணம் பால் வைப்பதே அவள் உயிருக்கு உலையாயிற்று. 1736இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் பழைய சூனியச் சட்டங்களை ஒழித்த பிறகே பிரிட்டனில் இக்கொடுமைக்குச் சட்டத்தின் ஆதரவு நீங்கியது.

கதையாட்டத்தின் தோற்றம்

ஏறத்தாழ இருநூற்று நாற்பது ஆண்டுகள் கழித்து, அதே பெமிலியர் வேறொரு வாயில் வழியாக மக்களிடையே வந்தது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனிவா என்னும் ஊரினரான கேரி கைகாக்ஸ், மின்னசோட்டா மாநிலத்தவரான டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் 'டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டத்தை 1974இல் வெளியிட்டனர். கைகாக்ஸ் இன்ஷூரன்ஸ் அலுவலில் இருந்து, அதனை இழந்தபின் செருப்புச் செப்பனிடும் தொழில் செய்தவர். மூன்று சிறு நூல்கள் அடங்கிய பெட்டிகளுள் முதலில் அச்சிட்டவை ஆயிரமே.

இவ்வாட்டத்தில் நடுவராக இருப்பவர் கதை சொல்லுவார். ஏனையோர் ஒவ்வொருவரும் வீரனாகவோ மந்திரவாதியாகவோ ஒரு வேடம் ஏற்று, தாம் செய்ய விரும்புவதை வாயாற் கூறுவர். அது கைகூடுமா கூடாதா என்பதைப் பகடை முடிவு செய்யும். காயும் கட்டமும் இன்றியே ஆடலாம். குகைகளிலும் காடுகளிலும் எதிர்ப்படும் விலங்குகளையும் பூதங்களையும் கொன்று செல்வதே பெரும்பாலோர் வழக்கமாயினும், அவற்றைப் பிடித்து வளர்க்கும் ஆசையும் ஆட்டக்காரரிடம் தொடக்க முதலே இருந்தது. அவ்வாசைக்கு விதி வகுத்த முறை காலந்தோறும் மாறி வந்திருப்பதுதான் ஆராயத்தக்கது.

அடித்துப் பணியவைத்தல்

1974ஆம் ஆண்டு விதிப்படி டிராகன் என்னும் நெருப்புமிழும் பறவைநாகத்தைக் கொல்லாமல் அடித்துப் பணியவைக்கலாம். விழுந்த அடிகளின் தொகை அதன் உயிர்ப்புள்ளிகளில் நூற்றுக்கு எத்தனை பங்கோ, அது பணிவதற்கு அத்தனை பங்கு வாய்ப்பு உண்டு. பணிந்த டிராகனைச் சந்தையில் விற்கலாம். விலை, உயிர்ப்புள்ளி ஒன்றுக்கு 500 முதல் 1,000 பொற்காசுகள். 40 புள்ளிகளுடையதொன்று 20,000 முதல் 40,000 பொற்காசுகள் வரை பெறும் என்பது எளிய கணக்கு. ஆயினும் அவ்விதியை எழுதியவர்கள் மற்றொன்றையும் சேர்த்து எழுதினர்: தப்பியோடவோ எசமானைக் கொல்லவோ தருணம் வாய்க்கும் வரையில்தான் அது பணிந்திருக்கும். அடியால் விளைந்த பணிவு எத்தகையது என்பதை இதனினும் சுருக்கமாகக் கூறுதல் அரிது.

டிராகனோ பேசவும் சிந்திக்கவும் வல்லதெனக் கதையிற் சொல்லப்படுவது. சிந்திக்கும் உயிரை அடித்து விலைகூறுவதற்கு மனிதச் சரித்திரத்தில் ஒரு பெயர் உண்டு. அப்பெயரை அந்நூல் சொல்லவில்லை. ஆனால் அதன் விளைவைச் சொல்லிவிட்டது.

முட்டையின் விலை

1975இல் வெளிவந்த துணைநூலில் ஆந்தைக்கரடி என்னும் விலங்கு தோன்றியது. ஆந்தையின் தலையும் கரடியின் உடலும் கொண்ட இது எந்தப் பழங்கதையிலும் வந்ததன்று. மலிவுக் கடையில் வாங்கிய ஹாங்காங் பிளாஸ்டிக் பொம்மையொன்றின் உருவத்தைக் கண்டு கைகாக்ஸ் படைத்துக்கொண்டது. 1977இல் வெளியான 'மான்ஸ்டர் மானுவல்' என்னும் விலங்கு நூல், இதன் முட்டைக்கு 2,000 பொற்காசுகளும் குஞ்சுக்கு 5,000 பொற்காசுகளும் விலை குறித்தது. வளர்ந்த விலங்கை அடிப்பதற்குப் பதிலாகக் குஞ்சிலேயே எடுத்து வளர்க்கலாம் என்ற எண்ணம் ஓரளவு மென்மையானதே. எனினும் உயிர் இன்னும் சரக்காகவே இருந்தது.

1978இல் வந்த ஆட்டக்காரர் நூலில் பெமிலியர் தன் பழைய பெயருடனேயே இடம்பெற்றது. மந்திரவாதி தூபமிட்டு அழைத்தால் பூனை, காக்கை, தேரை போன்ற ஒன்று வந்து சேரும். செம்ஸ்போர்டில் சொல்லப்பட்ட பூனையும் தேரையும் அப்படியே இருப்பது காண்க. ஆனால் இங்கே ஒரு புதிய விதி உண்டு. அது கொல்லப்பட்டால், அதன் உயிர்ப்புள்ளிகளைப்போல் இருமடங்கு எசமானுக்கு நிரந்தரமாகக் குறையும். வளர்த்த உயிரின் இழப்பு வளர்த்தவனுக்கும் இழப்பே என்பது முதன்முறையாகக் கணக்கில் ஏறியது.

நட்பும் விலகும் உரிமையும்

2003இல் வெளியான திருத்தப் பதிப்பிலோ முறை மேலும் மாறியது. அறிவெண் 1 அல்லது 2 உள்ள பிராணியையே பழக்கும் திறமையால் வளர்க்கலாம். ஆந்தைக்கரடிக் குஞ்சை வளர்க்க வேண்டுமாயின் எட்டவேண்டிய எண் 25. ஆட்டத்தின் பகடைக்கு முகங்கள் இருபதே. எத்துணை அதிர்ஷ்டசாலியாயினும் பகடையால் 20க்கு மேற்பெற முடியாது. எஞ்சிய ஐந்தைப் பழகிப் பெற்ற திறமையினாலேயே நிரப்பவேண்டும்.

கழுகின் தலையும் சிங்கத்தின் உடலும் கொண்ட கிரிபின் என்பதற்கோ அறிவெண் 5. ஆகையால் அதனைப் பழக்கத் தொடங்குமுன் அதன் நட்பைப் பெறவேண்டும் என்று அந்நூல் விதித்தது. நட்புக்குப் பின்னரே ஆறு வாரப் பயிற்சி. ஆனால் அதே பத்தியில் முட்டைக்கு 3,500, குஞ்சுக்கு 7,000, பழக்குபவருக்குக் கூலி 1,500 பொற்காசுகள் என்ற விலைப்பட்டியலும் நின்றது. நட்பையும் விலையையும் ஒரே மூச்சிற் பேசுவது மனித இயல்பு போலும்.

2014ஆம் ஆண்டுப் பதிப்பில் பூனையளவேயான சிறு டிராகன் ஒன்றைப் பற்றிய விதி வருகிறது. அது விரும்பினால் மந்திரவாதிக்குப் பெமிலியராகப் பணியாற்றும்; எப்போது வேண்டுமாயினும், எக்காரணத்தாலாயினும், அப்பணியினின்று விலகிக்கொள்ளும். நாற்பது ஆண்டுகளுக்கு முன் சந்தையில் விற்கப்பட்ட இனத்தின் சிற்றுருவம், தன் விருப்பத்தால் சேர்ந்து தன் விருப்பத்தால் நீங்கும் நிலையை அடைந்தது. பணி செய்யும் உயிருக்கு விலகும் உரிமை உண்டென்பதை மனித சமூகம் எத்துணைத் துன்பங்களுக்குப் பின் கற்றது என்பதை நேயர்கள் அறிவார்கள்.

மீண்டும் வந்த பழி

இங்ஙனம் விளையாட்டுத் தன் போக்கில் வளர்ந்து வருகையில், பழைய அச்சம் மீண்டும் தலையெடுத்தது. 1979இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் காணாமற்போனார். அவர் இவ்வாட்டத்தின் மயக்கத்தில் நிலத்தடிச் சுரங்கங்களிற் புகுந்து தொலைந்தார் என்று பத்திரிகைகள் எழுதின. அவருடைய துயரத்திற்கு வேறு காரணங்கள் இருந்தமை பின்னர் வெளியாயிற்று. 1983இல், மகனைத் தற்கொலையில் இழந்த ஒரு தாய் இவ்வாட்டத்திற்கு எதிராகச் சங்கமொன்று நிறுவினார். அவருடைய துக்கம் மெய். அதனை எவரும் பழிக்கலாகாது. ஆனால் ஆட்டக்காரர்கள் பேய்களை உண்மையாகவே அழைக்கப் பழகுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு மெய்யன்று. இருப்பினும் 1989ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பிலிருந்து பேய், பிசாசு என்னும் பெயர்களைப் பதிப்பாளர் நீக்கிவிட்டனர். 2000த்தில் வந்த மூன்றாம் பதிப்பில்தான் அவை மீண்டன.

இதில் நம் மலாயா நாட்டிற்கும் ஒரு பங்குண்டு. பிள்ளைபெற்ற வீடுகளை நாடி வருமென்று மலாய்க் கிராமங்கள் அஞ்சி, முட்செடிகளைக் கட்டித் தடுத்த 'பெனங்காலான்' என்னும் பறக்குந்தலைப் பேய், 1981இல் வெளிவந்த 'பியண்ட் போலியோ' என்னும் விலங்கு நூலில் இடம்பெற்றது. அங்கே அதற்கு உயிர்ப்புள்ளி இத்தனை, வேகம் இத்தனை என்று கணக்கெழுதினர். வாசலில் முள் கட்டவைத்த அச்சம், மேசைமேல் ஒரு வரிசை எண்களாய் அடங்கிற்று.

செம்ஸ்போர்டில் பூனை வளர்த்த கிழவியின்மீது சாட்டிய குற்றமும், மேசையருகே இருந்த சிறுவர்மீது சாட்டிய குற்றமும் ஒன்றே: இவர் பூதம் வளர்க்கிறார். இரண்டிடத்திலும் பூதம் இருந்தது குற்றஞ்சாட்டியவர் மனத்தில்தான். நம்பியவர் தம் அச்சத்தை அடுத்த வீட்டு ஏழையின் தலையில் ஏற்றினர். பாவித்து ஆடியவர்களோ, இல்லாத விலங்கொன்றைக் கொண்டு, வலியவன் எளியதை எவ்வாறு நடத்தவேண்டும் என்ற கேள்வியைப் பதிப்புக்குப் பதிப்பு திருத்தி எழுதினர்.

ஆதலால் பிள்ளைகள் பகடையும் தாளும் பரப்பிக்கொண்டு ஒரு பூதக்குஞ்சுக்கு இரை தேடுவதைக் காணும் பெற்றோர், அதட்டுமுன் சற்று அருகே அமர்ந்து கேட்பார்களாக. பூதம் உண்டா என்பதன்று கேட்கவேண்டிய கேள்வி. இல்லையென்பதை அப்பிள்ளைகள் நன்கறிவர். அதனை எப்படி நடத்துகிறீர்கள் என்று கேட்கட்டும். அக்கேள்விக்கு அவர்கள் கூறும் விடை, நாளை மனிதரை அவர்கள் எப்படி நடத்துவார்கள் என்பதையும் ஓரளவு நமக்குத் தெரிவிக்கும்.