உப்புக் குகைகளில் எரிவாயு நிரப்புதல்: வரலாறு

நிலத்தடி உப்புப் படிவத்துக்குள் ஆழ்துளைக் கிணறு வழியாக நன்னீரைச் செலுத்தி உப்பைக் கரைத்தெடுக்கும்போது உருவாகும் பெரிய குழிவு உப்புக் குகை எனப்படும். ஒரு கன மீட்டர் உப்பைக் கரைக்க ஏழெட்டு கன மீட்டர் நன்னீர் செலவாகிறது. கரைத்து முடிந்ததும் குகை முழுவதும் அடர்ந்த உவர்நீர் நிறைந்திருக்கும். அங்கே இயற்கை எரிவாயுவைச் சேமிக்க வேண்டுமானால் முதலில் அந்த உவர்நீரை வெளியேற்ற வேண்டும். இதற்கு எரிவாயுவே பயன்படுத்தப்படுகிறது.

கிணற்றின் காப்புக் குழாய்க்குள் மற்றொரு குழாய் குகையின் அடிவரை தொங்கவிடப்படுகிறது. இரண்டு குழாய்களுக்கும் இடைப்பட்ட வெளி வழியாக இறங்கும் எரிவாயு, எடை குறைந்தது என்பதால் குகையின் கூரையை ஒட்டித் தங்கி, உவர்நீரைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. உவர்நீர் தொங்கு குழாய் வழியாகத் தரைக்கு ஏறி வருகிறது. 1,000 மீட்டர் ஆழத்திலிருந்து அதை மேலேற்ற ஏறத்தாழ 118 பார் அழுத்தம் வேண்டும். கார் டயரில் அடைக்கும் காற்றின் அழுத்தம் 2 பாரைச் சற்றே தாண்டும். தொங்கு குழாயின் முனைக்குக் கீழே இருக்கும் உவர்நீரும் கரையாத மண்ணும் குகையிலேயே தங்கிவிடும்.

1961-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள மேரிஸ்வில்லில், உப்புக்காக ஏற்கெனவே தோண்டப்பட்டிருந்த குகையில் இயற்கை எரிவாயு சேமிக்கப்பட்டது. எரிவாயுவுக்கென்றே குகை உருவாக்கும் பணி 1963-இல் கனடாவின் மெல்வில்லில் நடந்தது. இரண்டும் பெரிய சிக்கலின்றி இயங்கியதால், உவர்நீர் ஒரு கழிவு, அதை அகற்றினால் போதும் என்ற எண்ணம் எளிதில் வளர்ந்திருக்கக்கூடும்.

மிசிசிப்பி மாநிலத்தின் எமினென்ஸ் உப்புக் குவிமாடத்தில் 1970-இல் தொடங்கிய சேமிப்பு வேறு பாடத்தைத் தந்தது. அங்குள்ள குகைகள் ஏறத்தாழ 1,700 முதல் 2,000 மீட்டர் ஆழத்தில் இருந்தன. இரண்டே ஆண்டுகளில் முதல் குகை தன் கொள்ளளவில் சுமார் 40 விழுக்காட்டை இழந்தது. அடித்தளம் பல மீட்டர் உயர்ந்திருந்தது. ஆழத்தின் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உப்பு மிக மெதுவாக, பிசைந்த மாவைப் போல நகரக்கூடியது. நிறைந்திருந்த உவர்நீர் சுவரை உள்ளிருந்து தாங்கிக்கொண்டிருந்தது. அதன் இடத்தைப் பிடித்த எரிவாயுவை எடுத்து விற்கும்போது அழுத்தம் குறைய, சுவர்கள் உள்நோக்கி நகர்ந்தன. எரிவாயு அழுத்தம் ஒரு குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகாமல் காப்பது குகை வடிவமைப்பின் முக்கிய விதிகளுள் ஒன்றானதற்கு இத்தகைய அனுபவங்களே காரணம்.

மற்றோர் ஆபத்து தொங்கு குழாயில் இருக்கிறது. எரிவாயுக் குழாயின் தலைப்பில் அழுத்தம் மிக அதிகம். உவர்நீர் வெளியேறும் தலைப்பிலோ மிகக் குறைவு. இரண்டையும் பிரித்து வைப்பது அந்த ஒற்றைக் குழாயின் சுவரும் அதனுள் நிற்கும் உவர்நீரும்தான். 2004 ஆகஸ்டில் டெக்சாஸ் மாநிலத்தின் மாஸ் பிளஃபில் உவர்நீர் வெளியேற்றம் நடந்துகொண்டிருந்தபோது தொங்கு குழாய் உடைந்தது. எரிவாயு அதற்குள் புகுந்து மேலேறியது. தரைமட்ட உவர்நீர்க் குழாய் ஏற்கெனவே அரிப்பால் மெலிந்திருந்தது. திடீர் அழுத்த அதிர்ச்சியில் அது வெடித்துத் தீப்பற்றியது. சுற்றுவட்டார மக்கள் வெளியேற்றப்பட்டனர். ஏறத்தாழ 600 கோடி கன அடி எரிவாயு எரிந்து தீர்ந்த பிறகு, ஆறரை நாள் கழித்து, தீ தானாகவே அணைந்தது.

உவர்நீரை நிரந்தரமாக வெளியேற்றாத முறையும் உண்டு. இங்கிலாந்தின் டீசைடில் 1970-களின் தொடக்கத்திலிருந்து ஹைட்ரஜன் சேமிக்கும் மூன்று குகைகள் சுமார் 370 மீட்டர் ஆழத்தில் உள்ளன. ஹைட்ரஜனை எடுக்கும்போது உவர்நீர் திரும்ப உள்ளே விடப்படுகிறது. நிரப்பும்போது வெளியே வருகிறது. அதனால் குகையின் அழுத்தம் ஏறத்தாழ 45 பாரிலேயே நிற்கிறது. இதற்கு உவர்நீரைத் தேக்கி வைக்கத் தரையில் இடம் வேண்டும். ஆழமற்ற குகைகளுக்கே இது எளிது.