படகு, சைக்கிள், மாட்டு வண்டி வரை பறிக்க உத்தரவு: 1942-ல் வங்காளத்தில் என்ன நடந்தது?

ஒரு ஊரில் இருக்கிற படகுகளை எல்லாம் அரசே எடுத்துக்கொண்டு போனால் என்ன ஆகும்? ரோடு வசதி உள்ள ஊர் என்றால் எப்படியாவது சமாளித்து விடலாம். ஆனால், ஆறும் கால்வாயும்தான் சாலை என்றிருந்த வங்காளத்தின் டெல்டா கிராமங்களில் அது வாழ்க்கையையே முடக்கியது. 1942-ல் பிரிட்டிஷ் அரசு அங்கே அதைத்தான் செய்தது. அடுத்த ஆண்டே வங்காளம் பெரும் பஞ்சத்தில் சிக்கியது.

படகுகளைப் பறித்தது ஏன்?

இரண்டாம் உலகப் போரில் 1942 பிப்ரவரி 15-ம் தேதி சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்தது. மார்ச் 8-ம் தேதி ரங்கூனும் போனது. அடுத்த குறி சிட்டகாங் துறைமுகமும் கல்கத்தாவும்தான் என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் பயந்தார்கள்.

மலேயாவில் ஜப்பானியப் படை உள்ளூர் சைக்கிள்களையும் படகுகளையும் பிடித்துக்கொண்டு வேகமாக முன்னேறியிருந்தது. அதே கதை வங்காளத்திலும் நடக்கக் கூடாது என்று 'மறுப்புக் கொள்கை' கொண்டு வரப்பட்டது. எதிரி வந்து இறங்கினாலும் அவனுக்கு அரிசியும் கிடைக்கக் கூடாது, வண்டியும் கிடைக்கக் கூடாது என்பதுதான் இதன் நோக்கம்.

உத்தரவில் என்ன இருந்தது?

கடலோர மாவட்டங்களில் பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடிய எந்தப் படகையும் ராணுவம் எடுத்துக்கொள்ளலாம், வேறு இடத்துக்கு மாற்றலாம், அழித்தும் விடலாம். சைக்கிள், மாட்டு வண்டி, யானை வரைக்கும் கையகப்படுத்த அனுமதி இருந்தது. சுமார் 45,000 நாட்டுப் படகுகள் மக்கள் கையை விட்டுப் போயின.

இதோடு சேர்த்து, கடலோர மாவட்டங்களில் உபரியாக இருக்கும் நெல்லை அகற்றவும் ஆளுநர் ஜான் ஹெர்பர்ட் மார்ச் மாதக் கடைசியில் உத்தரவிட்டார். மாகாணத்தின் பிரதமராக இருந்த ஃபஸ்லுல் ஹக், தன் அமைச்சரவையை ஓரங்கட்டிவிட்டு ஆளுநர் முடிவெடுக்கிறார் என்று அவருக்கே கடிதம் எழுதி எதிர்ப்பு தெரிவித்தார்.

யாருக்கு அடி விழுந்தது?

முதல் அடி மீனவர்களுக்கு. படகு இல்லாமல் ஆற்று முகத்துவாரத்துக்கும் கடலுக்கும் எப்படிப் போவது? அடுத்து விவசாயிகள். ஆற்றின் நடுவே இருக்கும் திட்டு நிலங்களுக்கு விதை கொண்டு போகவும் விளைந்த நெல்லைச் சந்தைக்குக் கொண்டு வரவும் படகுதான் வழி. பானை விற்ற குயவர்களும், வேலை தேடி ஊர் ஊராகப் போன கூலித் தொழிலாளிகளும் இதில் சிக்கினார்கள். இவர்களுக்கு இழப்பீடு எதுவும் இல்லை. படகுகளைப் பறிப்பதைக் கண்டித்து காந்தி தன் 'ஹரிஜன்' இதழில் எழுதினார்.

ரயிலும் கப்பலும் இருந்ததே?

இருந்தது. ஆனால், ரயில் பெட்டிகளில் ராணுவத்துக்குத்தான் முதலிடம். ஒவ்வொரு மாகாணமும் தன் எல்லையைத் தாண்டி தானியம் போகக் கூடாது என்று தடை போட்டது. கப்பல்கள் லண்டன் போர் அமைச்சரவையின் கட்டுப்பாட்டில் இருந்தன. இந்தியாவுக்குக் கோதுமை அனுப்பக் கப்பல் கேட்டு டெல்லியிலிருந்து திரும்பத் திரும்பக் கோரிக்கை போனது. கேட்டதில் ஒரு பகுதிதான் கிடைத்தது.

சென்னையில் என்ன நிலைமை?

1942 ஏப்ரலில் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய இடங்களில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. உடனே சென்னையில் இருந்து அரசு அலுவலகங்கள் வெளியூர்களுக்கு மாற்றப்பட்டன. மக்களும் கூட்டம் கூட்டமாக ஊரைக் காலி செய்தார்கள். பெட்ரோல் ரேஷனில்தான் கிடைத்தது. பெரியவர்கள் சொல்லும் 'கரி பஸ்' ஓடியது இந்தக் காலத்தில்தான்.

பஞ்சத்துக்கு இது மட்டும்தான் காரணமா?

இல்லை. பர்மா அரிசி வரத்து நின்றது, 1942 அக்டோபரில் மிதினாப்பூர் பகுதியைத் தாக்கிய புயல், நெற்பயிர் நோய், போர்க்கால விலைவாசி, பதுக்கல் என்று பல காரணங்கள் சேர்ந்தன. அந்தப் பஞ்சத்தைச் சிறுவனாக நேரில் பார்த்த பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென், அரிசி குறைந்ததை விட அதை வாங்கும் சக்தியை ஏழைகள் இழந்ததுதான் முக்கியக் காரணம் என்று பின்னாளில் வாதிட்டார். படகு போனதால் வருமானம் இழந்த மீனவர்களும் கூலிகளும் அந்த ஏழைகளில் அடக்கம்.

பஞ்சத்தில் சுமார் 15 லட்சம் பேர் இறந்ததாக அரசு அமைத்த விசாரணை ஆணையம் 1945-ல் சொன்னது. பிற்கால ஆய்வாளர்கள் பலர் 20 முதல் 30 லட்சம் வரை சொல்கிறார்கள். படகுப் பறிப்பு மீனவர்களின் பிழைப்பையே உடைத்துவிட்டது என்று வங்காள அரசின் உணவு வழங்கல் துறைக்குத் தலைமை வகித்த அதிகாரியே அந்த ஆணையத்திடம் ஒப்புக்கொண்டார்.

1943 அக்டோபரில் புதிய வைஸ்ராயாக வந்த வேவல், கிராமங்களுக்கு உணவு கொண்டு போக ராணுவத்தை இறக்கினார். லாரியும் ஆளும் வந்த பிறகுதான் உள்ளூர்களுக்கு நிவாரணம் ஓரளவு போய்ச் சேர்ந்தது. எந்த ஜப்பானியப் படையைத் தடுக்கப் படகுகள் பறிக்கப்பட்டனவோ, அந்தப் படை வங்காளக் கடற்கரையில் கடைசி வரை வந்து இறங்கவே இல்லை.