மூன்றில் இரண்டும் மூன்றில் ஒன்றும்

ஐ.டி. வேலையில் இருப்பவர்களுக்கு 'ரிக்ரெஷன்' என்றால் ரிலீஸுக்கு முந்தின ராத்திரி ஓடுகிற டெஸ்ட்தான் ஞாபகத்துக்கு வரும். புள்ளியியலில் அந்தச் சொல் வந்த கதை வேறு. 1880-களில் இங்கிலாந்தில், பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் ஒரே அட்டவணையில் போட்டுப் பார்த்த பிரான்சிஸ் கால்டன் வைத்த பெயர் அது. பின்னடைவு, பின்வாங்குதல் என்று அர்த்தம்.

கால்டனும் சார்லஸ் டார்வினும் எராஸ்மஸ் டார்வினின் பேரன்கள். 'யூஜெனிக்ஸ்' என்ற சொல்லை 1883-ல் உருவாக்கியவரும் கால்டன்தான். உயர்ந்த குடும்பங்களைப் பெருக்கினால் இனமே உயர்ந்துவிடும் என்ற நம்பிக்கை அவருக்கு. அந்த நம்பிக்கை பின்னால் எங்கெல்லாம் கொண்டுபோய் விட்டது என்பது தெரிந்ததே. இங்கே நான் பார்க்கப்போவது அவருடைய கணக்கை மட்டும்.

1884-ல் பரிசுப் பணம் அறிவித்து, குடும்ப விவரங்களை எழுதி அனுப்பச் சொன்னார். அதிலிருந்து 205 தம்பதிகள், அவர்களின் வளர்ந்த பிள்ளைகள் 928 பேர் என்று ஒரு அட்டவணை தேறியது. பெண்களின் உயரத்தை 1.08-ஆல் பெருக்கி ஆண்களின் அளவுக்குக் கொண்டுவந்தார். அப்பா உயரம், பெருக்கிய அம்மா உயரம் இரண்டுக்கும் சராசரி எடுத்து 'பெற்றோர் உயரம்' என்று ஒரே எண்ணாக்கினார். பொதுச் சராசரி 68.25 அங்குலம்.

அட்டவணை சொன்னது இதுதான். பெற்றோர் உயரம் சராசரியை விட 3 அங்குலம் கூட இருந்தால், பிள்ளைகள் சராசரியாக 2 அங்குலம்தான் கூட இருக்கிறார்கள். குட்டையான பெற்றோருக்கும் அப்படியே, 3 குறைவு என்றால் பிள்ளைகள் 2 குறைவு. விலகலில் மூன்றில் இரண்டு பங்குதான் அடுத்த தலைமுறைக்குப் போகிறது.

இதைக் கேட்டதும் ஒரு சந்தேகம் வரணும். ஒவ்வொரு தலைமுறையிலும் எல்லாரும் நடுவை நோக்கி நகர்ந்தால், பத்துத் தலைமுறையில் ஊரே ஒரே உயரமாக ஆகியிருக்க வேண்டாமா? ஆகவில்லையே!

இதற்கு விடை நிபந்தனை நிகழ்தகவில் இருக்கிறது. உயரம் இயல்நிலைப் பரவலில் அமைகிறது, அந்த மணி வடிவ வளைவு. கால்டன் காலத்தில் பரவலின் அகலத்தை 'நிகழ்தகு பிழை'யால் அளந்தார்கள். சராசரிக்கு இரு பக்கமும் அவ்வளவு தூரத்துக்குள் பாதிப்பேர் அடங்குவார்கள். நாம் இன்று பயன்படுத்தும் திட்ட விலக்கத்தில் அது 0.6745 பங்கு. மொத்த ஜனங்களுக்கு அது 1.7 அங்குலம். பெற்றோர் உயரம் இரண்டு பேரின் சராசரி. கணவன் மனைவி உயரங்களுக்குள் பெரிய சம்பந்தமும் இல்லை. எனவே 1.7-ஐ √2-ஆல் வகுக்க, சுமார் 1.2. இப்போது ஒரே உயரமுள்ள பெற்றோரின் பிள்ளைகளை மட்டும் தனியாக எடுங்கள். அவர்களும் எல்லாரும் ஒரே உயரம் இல்லை. அவர்களுக்குள் பரவல் 1.5. இதுதான் நிபந்தனைப் பரவல். பெற்றோர் நெட்டையோ குட்டையோ, இந்த 1.5 மாறுவதில்லை, வளைவின் நடுப்புள்ளி மட்டும் நகரும்.

கூட்டிப் பாருங்கள். 1.2-இல் மூன்றில் இரண்டு 0.8, அதன் வர்க்கம் 0.64. 1.5-இன் வர்க்கம் 2.25. மொத்தம் 2.89. அதாவது 1.7-இன் வர்க்கம்! சுருங்கியதை எல்லாம் குடும்பத்துக்குள் இருக்கும் வேறுபாடு ஈடுகட்டிவிடுகிறது. நடுவில் இருக்கும் ஏராளமான சாதாரணப் பெற்றோரிடமிருந்து புதிதாக நெட்டையர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

கால்டன் அதே அட்டவணையைத் திருப்பியும் படித்தார். பிள்ளை 3 அங்குலம் கூட என்றால் பெற்றோர் உயரம் எவ்வளவு கூட இருக்கும்? 3-ஐ 2/3-ஆல் வகுத்து நாலரை என்று சொல்லத் தோன்றும். அட்டவணையில் வந்தது மூன்றில் ஒன்று, அதாவது 1 அங்குலம்.

ராம்ஸ்கேட் பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது நோட்டுப் புத்தகத்தில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். சம எண்ணிக்கைகளை இணைக்கும் கோடுகள் ஒரே மையம் கொண்ட நீள்வட்டங்கள் என்று அப்போதுதான் பிடிபட்டது. நிரூபிக்கும் அளவுக்குக் கணிதம் கைவசம் இல்லை. எனவே பரம்பரை, உயரம் என்ற பேச்சே இல்லாமல், ஒரு புள்ளி கோட்டில் அசைகிறது, அதைச் சுற்றி இன்னொரு புள்ளி அசைகிறது என்று வேஷம் மாற்றி, கேம்பிரிட்ஜின் ஹாமில்டன் டிக்சனிடம் கேட்டார். டிக்சன் கையில் இருந்தவை 2/3, 1.22, 1.5 என்ற எண்கள் மட்டும். விடையில் நீள்வட்டங்களும் வந்தன, கிட்டத்தட்ட 1/3-ம் வந்தது. 1886-ல் ராயல் சொசைட்டி வெளியிட்ட கட்டுரையின் பின்னிணைப்பாக அது இருக்கிறது. தரவையே பார்க்காதவர் தரவில் உள்ளதைச் சொல்லிவிட்டார். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இது.

இந்த எண்களை வைத்து நாமே ஒரு கணக்குப் போடலாம். 72 அங்குலத்துக்கு மேல் இருப்பவர்கள் மொத்தத்தில் சுமார் 7 சதவீதம். பெற்றோர் உயரம் சரியாக 72 என்று தெரிந்தால், பிள்ளைகளின் சராசரி 70.75, திட்ட விலக்கம் 1.5 / 0.6745 = 2.22. 72 என்பது சராசரிக்கு 0.56 திட்ட விலக்கம் மேலே. அட்டவணையில் பார்த்தால் 29 சதவீதம். இப்போது திருப்புங்கள். பிள்ளை 72 என்று தெரிந்தால் பெற்றோரின் சராசரி 69.5, திட்ட விலக்கம் சுமார் 1.57. பெற்றோர் உயரம் 72-ஐத் தாண்டும் வாய்ப்பு 6 சதவீதம்தான். கேள்வியில் எது 'தெரிந்தது' என்பதை மாற்றினால் விடை ஐந்தில் ஒன்றாகிவிடுகிறது.

முன்னோர்கள் பிள்ளையை நடுத்தரத்துக்கு இழுக்கிறார்கள் என்றே கால்டன் விளக்கினார். அப்படியானால் நெட்டைப் பிள்ளையின் பெற்றோரை நடுவுக்கு இழுத்தது யார்? பேரப்பிள்ளைகளா? இழுப்பு என்று ஒன்று தேவையே இல்லை. ஓரத்தில் இருப்பவர்களைப் பொறுக்கி எடுத்தால், சம்பந்தம் முழுமையாக இல்லாத எந்த இரண்டாவது அளவிலும் அவர்கள் நடுவுக்கு நெருக்கமாகத்தான் தெரிவார்கள்.

இதைக் கவனிக்காமல் தடித்த புத்தகமே எழுதியவர் ஹொரேஸ் செக்ரிஸ்ட், அமெரிக்கப் பொருளியல் பேராசிரியர். 1920-களில் முன்னணியில் இருந்த நிறுவனங்கள் வருஷா வருஷம் சரிந்தன, பின்தங்கியவை ஏறின, ஆகவே போட்டி எல்லாரையும் நடுத்தரமாக்குகிறது என்று 1933-ல் எழுதினார். மதிப்புரை எழுதிய ஹெரால்ட் ஹோட்டலிங், நிறுவனங்களை முதல் வருஷத்துக்குப் பதிலாகக் கடைசி வருஷத்தை வைத்துப் பிரித்தால், அதே தரவிலிருந்து அவை விலகிப் போவதாகவும் காட்டமுடியும் என்றார்.