இந்திரலால் ராயின் பதக்கமும் நினைவுப்பொருள்களும்

இந்திரலால் ராய் (2 டிசம்பர் 1898 – 22 ஜூலை 1918) முதல் உலகப் போரில் பிரித்தானிய வான்படையில் போர் விமானியாகப் பணியாற்றிய நான்கு இந்தியருள் ஒருவர். சிறப்பு வான்பணிச் சிலுவை என்னும் பதக்கத்தைப் பெற்ற முதல் இந்தியர். பிரான்சின் வானில் ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்குள் பத்து எதிரி விமானங்களை வீழ்த்தியவர் என்று கணக்கிடப்படுகிறார். தம் பத்தொன்பதாம் வயதில் போரில் இறந்தார். அவர் பெயரோடு இணைந்து இன்று எஞ்சியிருப்பவை சில: ஒரு பதக்கம் பற்றிய அரசிதழ் அறிவிப்பு, விமானங்களை வரைந்த ஓவியங்கள், வங்க எழுத்து பொறித்த ஒரு கல்லறை, ஒரு அஞ்சல்தலை. தொடக்ககால விமானி ஒருவரை அறிய இவை ஒவ்வொன்றும் எந்த அளவுக்கு உதவுகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

குடும்பமும் பள்ளியும்

இந்திரலால் கொல்கத்தாவில் பிறந்தார். தந்தை பியாரிலால் ராய் பாரிஸ்டர். தாய் லலிதா ராய் இலண்டனில் பெண்களின் வாக்குரிமை இயக்கத்தில் பங்கேற்றவர். 1911ஆம் ஆண்டு ஜூன் 17 அன்று நடந்த பெண்களின் முடிசூட்டு ஊர்வலத்தில் இந்தியப் பெண்களும் இடம்பெற உழைத்தவர்களுள் ஒருவர். அண்ணன் பரேஷ்லால் ராய், இந்தியாவில் குத்துச்சண்டை விளையாட்டை வளர்த்தவராகப் போற்றப்படுகிறார். வீட்டில் இந்திரலாலை 'லாடி' என்று அழைத்தனர். அவர் படித்தது இலண்டன் ஹாமர்ஸ்மித்தில் இருந்த செயின்ட் பால் பள்ளியில். போர் தொடங்கியபோது அவருக்குப் பதினாறு வயதுகூட நிரம்பவில்லை.

நால்வர் மட்டும் ஏன்?

முதல் உலகப் போரில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் கடல்கடந்து பணியாற்றினர். ஆனால் போர் விமானிகளாக இருந்த இந்தியர் நால்வரே: இந்திரலால் ராய், ஹர்தித் சிங் மாலிக், ஸ்ரீகிருஷ்ண வேலிங்கர், எரல் சுவோ சந்தர் சென். நால்வரும் இங்கிலாந்தில் இருந்தபடியே சேர்ந்தவர்கள்.

இதற்கு ஆர்வக்குறைவு காரணமன்று. விமானி பெரும்பாலும் அதிகாரியாக இருக்க வேண்டும். அதிகாரியாவதற்கு மன்னரின் நியமனம் வேண்டும். இந்தியப் படையில் முப்பது ஆண்டு பணி செய்த சுபேதார் மேஜர்கூட, நேற்று வந்த ஆங்கிலேய இரண்டாம் லெப்டினன்ட்டுக்குக் கீழ்ப்பட்டவராகவே கருதப்பட்டார். படைப்பிரிவுகளில் இந்தியருக்கு மன்னரின் நியமனம் வழங்கும் முடிவு 1917 ஆகஸ்டில்தான் அறிவிக்கப்பட்டது. அதற்குச் சில மாதங்கள் முன்பே, போர்க்கால ஆள்தேவையால் வான்படையில் ஒரு சிறு வாயில் திறந்தது. ஆக்ஸ்போர்டில் படித்த மாலிக், தம்மை விமானியாகச் சேர்க்க மறுத்ததால் பிரெஞ்சு செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆம்புலன்ஸ் ஓட்டுநராகச் சென்றார். பிரெஞ்சு வான்படை அவரை ஏற்க முன்வந்தது. அதைக் கேள்வியுற்ற அவருடைய கல்லூரி ஆசிரியர், பிரித்தானிய வான்படைத் தலைமைக்குக் கடிதம் எழுதிய பிறகே அவருக்கு இடம் கிடைத்தது.

விற்கப்பட்ட மோட்டார் சைக்கிள்

இந்திரலால் 1917 ஏப்ரலில் வான்படையில் சேர முயன்றார். கண்பார்வை போதாது என்று மருத்துவர்கள் திருப்பி அனுப்பினர். அவர் தம் மோட்டார் சைக்கிளை விற்று, அந்தப் பணத்தைக் கொண்டு இலண்டனின் முன்னணிக் கண் மருத்துவர் ஒருவரிடம் மறுபரிசோதனை செய்துகொண்டார். முதல் முடிவு மாற்றப்பட்டது. 1917 ஜூலை 5 அன்று இரண்டாம் லெப்டினன்ட்டாக நியமனம் பெற்றார்.

அந்த மோட்டார் சைக்கிள் எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை. விற்றதனால்தான் அது வரலாற்றில் இடம்பெற்றது. நினைவுப்பொருள்களைப் பட்டியலிடும்போது, கைவிட்டுப் போன பொருள்களையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

ஓவியங்கள்

பயிற்சிக்குப் பின் 1917 அக்டோபர் 30 அன்று இந்திரலால் 56ஆம் படையணியில் சேர்ந்தார். அது எஸ்.இ.5ஏ என்னும் ஒற்றை இருக்கைப் போர் விமானங்களைக் கொண்ட, அப்போதே புகழ்பெற்ற அணி. டிசம்பர் 6 அன்று அவர் ஓட்டிய விமானம் விபத்துக்குள்ளானது. அவர் இறந்துவிட்டதாகக் கருதிப் பிணவறையில் வைக்கப்பட்டார் என்றும், விழித்துக்கொண்டு கதவைத் தட்டினார் என்றும் ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. விபத்து நடந்ததும் அவர் காயமுற்றதும் உறுதி. பிணவறைக் கதையைச் சொல்மரபாகவே கொள்வது தகும்.

காயம் ஆறும் காலத்தில் அவர் ஏராளமான விமானங்களை வரைந்தார். அவற்றுள் பல இன்றும் எஞ்சியுள்ளன. பதக்கம் அவரைப் பற்றிப் பிறர் சொன்னது. இந்தப் படங்களோ அவரே தம் கையால் விட்டுச்சென்றவை. விமானம் கண்டுபிடிக்கப்பட்டுப் பதினான்கு ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்திய அந்த ஊர்திகளில் ஒன்றிலிருந்து விழுந்து உயிர்தப்பிய இளைஞர் ஒருவர், மருத்துவ ஓய்வில் இருந்தபடி மீண்டும் மீண்டும் அவற்றையே வரைந்திருக்கிறார். மருத்துவக் குழு முதலில் அவரைப் பறக்கத் தகுதியற்றவர் என்றது. அவர் விடாது முயன்று, திரும்பவும் அனுமதி பெற்றார்.

இரண்டு வாரங்கள்

1918 ஜூன் 19 அன்று இந்திரலால் 40ஆம் படையணிக்கு மாற்றப்பட்டார். அங்கே அவர் பறந்தது கேப்டன் ஜார்ஜ் மெக்கெல்ராய் தலைமையிலான பிரிவில். முதல் வெற்றி ஜூலை 6 அன்று கிடைத்தது. ஜூலை 8 அன்று நான்கு மணி நேரத்தில் மூன்று விமானங்கள் வீழ்ந்தன. 13 அன்று இரண்டு, 15 அன்று இரண்டு, 18 அன்று ஒன்று, 19 அன்று ஒன்று என எண்ணிக்கை பத்தை எட்டியது.

மூன்று நாள் கழித்து, ஜூலை 22 அன்று, கார்வின் நகருக்கு மேலே ஜெர்மானிய ஃபோக்கர் டி.7 விமானங்களுடன் நடந்த சண்டையில் அவர் இறந்தார். அடுத்த ஒன்பதாம் நாள் மெக்கெல்ராயும் வீழ்ந்தார்.

பதக்கமும் சான்றுரையும்

சிறப்பு வான்பணிச் சிலுவை 1918 ஜூன் 3 அன்று நிறுவப்பட்டது. அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்று, தரைப்படையின் வான்பிரிவும் கடற்படையின் வான்பிரிவும் இணைந்து பிரித்தானிய அரச வான்படை உருவாகியிருந்தது. புதிய படைக்குப் புதிய பதக்கம் தேவைப்பட்டது. எதிரிக்கு எதிரான பறப்பில் வீரமும் கடமையுணர்வும் காட்டிய அதிகாரிகளுக்கு இது உரியது. வெள்ளியாலான சிலுவை வடிவம். லிவர்பூல் சிற்பி எட்வர்ட் கார்ட்டர் பிரெஸ்டன் வடிவமைத்தது. நாடாவில் வெள்ளையும் ஊதாவும் கலந்த கோடுகள் முதலில் கிடையாக ஓடின. 1919இல் அவை சாய்கோடுகளாக மாற்றப்பட்டன. எனவே பழைய ஒளிப்படம் ஒன்றில் கிடைக்கோட்டு நாடா தெரிந்தால், அது பதக்கத்தின் தொடக்கக் காலத்தைச் சேர்ந்தது என்று ஊகிக்கலாம்.

இந்திரலாலுக்கான அறிவிப்பு 1918 செப்டம்பர் 21 அன்று இலண்டன் அரசிதழில் வெளியானது. அப்போது அவர் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பதின்மூன்று நாளில் ஒன்பது எதிரி விமானங்களை வீழ்த்தியவர், ஒரே ரோந்தில் இரண்டை வீழ்த்தியதும் ஒருமுறைக்கு மேல் உண்டு என்பது சான்றுரையின் சாரம். அரசிதழ் ஒன்பது என்கிறது. பிற்கால ஆய்வாளரின் பட்டியலோ பத்து என்கிறது. அப்பத்தில் ஐந்து அழிக்கப்பட்டவை, ஐந்து கட்டுப்பாடு இழந்து விழுந்தவை. சில வெற்றிகள் பிற விமானிகளோடு பகிர்ந்துகொள்ளப்பட்டவை. பகிர்ந்த வெற்றியை எப்படி எண்ணுவது என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். அரசு முத்திரையோடு வந்த ஆவணத்தையும் ஒப்பிட்டே படிக்க வேண்டும் என்பதை மாணவர்கள் இதிலிருந்து அறியலாம்.

பெயரில்லாப் பதக்கம், பெயருள்ள பதக்கம்

முதல் உலகப் போர்க்காலச் சிறப்பு வான்பணிச் சிலுவைகளில் பெற்றவரின் பெயர் அதிகாரபூர்வமாகப் பொறிக்கப்படவில்லை. பின்புறத்தில் உள்ள 1918 என்பது பதக்கம் நிறுவப்பட்ட ஆண்டே. ஆகவே அத்தகைய சிலுவை ஒன்று தனியே கிடைத்தால் அது யாருடையது என்று சொல்ல முடியாது. அதனுடன் வந்த கடிதம், உறை, ஒளிப்படம், குடும்பத்தாரின் தாள்கள் ஆகியவை இருந்தால்தான் அதற்கு முகவரி உண்டு. பதக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தாள்களைப் பழைய காகிதத்தோடு போட்டுவிட்டால், மிஞ்சுவது வெள்ளி மட்டுமே.

போரில் பணியாற்றிய பெரும்பாலோர்க்கு வழங்கப்பட்ட பிரித்தானியப் போர்ப் பதக்கமும், வானவில் நிற நாடாவுடைய வெற்றிப் பதக்கமும் இதற்கு மாறானவை. அவற்றின் விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டன. போர்ப் பதக்கம் படைவீரர்க்கு வெள்ளியில் தரப்பட்டது. இந்திய, சீன, மால்டா தொழிலாளர் படைகளில் மண் வெட்டியவர்க்கும் சுமை தூக்கியவர்க்கும் அதே பதக்கம் வெண்கலத்தில் தரப்பட்டது; அவ்வாறு வழங்கப்பட்டவை ஏறத்தாழ 1,10,000. ஒரே போர், ஒரே வடிவம், இரண்டு உலோகம். யார் எந்தத் தட்டில் வைக்கப்பட்டார் என்பதை உலோகமே காட்டிவிடுகிறது.

போரில் இறந்தவரின் குடும்பத்துக்கு வெண்கல நினைவுத் தகடு ஒன்றும் அனுப்பப்பட்டது. ஏறத்தாழ 12 செ.மீ. விட்டமுடைய இத்தகட்டையும் வடிவமைத்தவர் கார்ட்டர் பிரெஸ்டனே. 13 இலட்சத்துக்கு மேற்பட்ட தகடுகள் வார்க்கப்பட்டன. அதில் பெயர் உண்டு, பதவி இல்லை. உயிரோடு இருந்தவரை தரவரிசையில் பிரித்து வைத்த அரசு, இறந்தபின் அதை நீக்கிவிட்டது. ஆங்கில மக்கள் இதைச் 'செத்தவன் காசு' என்று கசப்போடு அழைத்தனர்.

கல்லறையும் உடலில் தங்கிய குண்டும்

இந்திரலாலின் கல்லறை வட பிரான்சில் எஸ்தெவெல் என்னும் ஊரின் பொதுக் கல்லறைத் தோட்டத்தில் உள்ளது. அதில் வங்க மொழியில் ஒரு வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது. மாவீரன் ஒருவனின் சமாதி இது, மரியாதை காட்டுங்கள், தொடாதீர்கள் என்பது அதன் பொருள். அரசிதழ் பேரரசின் மொழியில் பேசியது. கல்லறையோ அவர் பிறந்த நாட்டின் மொழியில் பேசுகிறது. இரண்டில் எதை விட்டாலும் அவர் கதை பாதியாகும்.

மாலிக் விட்டுச்சென்ற தடயம் வேறு வகை. தலைப்பாகையின் மேல் அணியும்படி பெரிதாகச் செய்த தலைக்கவசத்தோடு அவர் பறந்தார். 1917 அக்டோபர் 26 அன்று நடந்த வான்சண்டையில் அவர் காலில் குண்டுகள் பாய்ந்தன. அவற்றின் துண்டுகள் 1985இல் அவர் இறக்கும்வரை காலிலேயே இருந்தன. இடையில் அவர் இந்தியாவின் சார்பில் கனடாவில் உயர் ஆணையராகவும் பிரான்சில் தூதராகவும் பணியாற்றினார். வேலிங்கர் 1918 ஜூனில் காயமுற்று எதிரியின் பிடியில் இறந்தார். சென் போர்க்கைதியாகச் சிறையிருந்து மீண்டார்.

பதக்கத்துக்குப் பின்

நால்வரின் பணி மெய்ப்பிக்கப்பட்ட பின்னும் வாயில் மூடிக்கொண்டது. போர் முடிந்ததும் இந்தியருக்கு வான்படையில் இடம் தரப்படவில்லை. 1925இல் அமைக்கப்பட்டு மோதிலால் நேரு, ஜின்னா ஆகியோர் உறுப்பினராக இருந்த ஸ்கீன் குழு, இந்தியரைக் கிரான்வெல் வான்படைக் கல்லூரியில் சேர்க்கப் பரிந்துரைத்தது. 1930இல் முதல் மாணவர்கள் அங்கே சென்றனர். 1932 அக்டோபர் 8 அன்று இந்திய வான்படை சட்டப்படி நிறுவப்பட்டது. 1933 ஏப்ரல் 1 அன்று அதன் முதல் படையணி வாபிட்டி விமானங்களோடு தொடங்கியது. இந்திரலால் இறந்ததற்கும் இதற்கும் இடையே ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள். ஒருவரின் திறமைக்குப் பதக்கம் தருவது எளிது, அத்திறமையுடைய பிறருக்கு வழிவிடுவது அரிது என்பதை இந்த இடைவெளி உணர்த்துகிறது. 1998இல் இந்திய அஞ்சல்துறை அவருடைய பிறப்பு நூற்றாண்டை ஒட்டி அஞ்சல்தலை வெளியிட்டது.

தமிழ்நாட்டில் எஞ்சியவை

தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இது தொலைவான செய்தியன்று. மதராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியியல் படை முதலிய பிரிவுகளில் தமிழர் பலர் அப்போரில் பணியாற்றினர். போருக்குச் சென்றவர் எண்ணிக்கையும் இறந்தவர் எண்ணிக்கையும் பொறித்த கல்வெட்டுகளைச் சில ஊர்களில் இன்றும் காணலாம். சென்னைக் கடற்கரையை ஒட்டிய போர் நினைவுச் சின்னமும், புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தின் பதக்கத் தொகுப்பும் அக்காலத்தை நினைவூட்டுவன. திண்டுக்கல் போன்ற ஊர்களில் தாத்தாவின் டிரங்குப் பெட்டிக்குள் இருந்து அத்தகைய வட்டப் பதக்கம் ஒன்று கிடைக்குமானால், முதலில் செய்ய வேண்டியது அதன் விளிம்பைப் பார்ப்பது. அங்கே உள்ள எண்ணும் படைப்பிரிவின் சுருக்கப் பெயருமே ஆவணக் காப்பகத்தில் தேடுவதற்கான திறவுகோல்.

அதைப் பளபளப்பாகத் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் விளிம்பெழுத்து மங்கும். நாடா நைந்திருந்தாலும் கழற்றி எறியக் கூடாது. உடன் இருக்கும் கடிதம், ஓய்வூதியத் தாள், ஒளிப்படம் எதையும் பிரிக்காமல் ஒரே இடத்தில் வைக்க வேண்டும். ஒளிப்படத்தின் பின்னால் அதில் இருப்பவர் பெயரைப் பென்சிலால் எழுதி வைப்பது நல்லது. வெள்ளி விலை உச்சத்துக்கு ஏறிய 1980ஆம் ஆண்டில், உலகின் பல பகுதிகளில் பிரித்தானியப் போர்ப் பதக்கங்கள் பெருமளவில் உருக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் சுமார் 28 கிராம் வெள்ளி இருந்தது. விளிம்பில் ஒரு மனிதரின் பெயரும் இருந்தது. வெள்ளிக்கு விலை கிடைத்தது. பெயர் உலையோடு போயிற்று.